பூட்டியது எது, விட்டது எது: வென்டிலேட்டர் மோடுகளைப் பற்றி

மூச்சுவிட முடியாதவருக்குக் காற்று கொடுக்கும் மெஷின் வென்டிலேட்டர்; அது எந்த விதத்தில் மூச்சைக் கொடுக்க வேண்டும் என்று நாம் வைக்கும் அமைப்புதான் மோடு. அந்த மோடுகளின் பட்டியலைப் பார்த்தால் யாருக்கும் தலை சுற்றும். ஏறக்குறைய ஒரே வேலையைச் செய்யும் மோடுக்கு ஒரு கருவியில் பிஆர்விசி என்று பெயர், இன்னொன்றில் ஆட்டோஃப்ளோ, வேறொன்றில் விசி பிளஸ். ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொள்ளும் நிறுவனங்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பது இரவுப் பணியில் இருக்கும் இளம் மருத்துவர்தான். ஐசியூவுக்குப் புதிதாக வருகிறவர்கள் பெயர்களை மனப்பாடம் செய்துகொண்டு வருவார்கள். நான் அவர்களிடம் கேட்பது வேறு: இந்த மோடில் நீங்கள் எதைப் பூட்டி வைத்திருக்கிறீர்கள், எதை அதன் போக்கில் விட்டிருக்கிறீர்கள்?

மெஷின் ஒரு மூச்சைத் தரும்போது காற்றின் அளவையும் அழுத்தத்தையும் ஒருசேரத் தன் பிடியில் வைத்துக்கொள்ள முடியாது. 400 மில்லி காற்று போயே ஆக வேண்டும் என்று நாம் சொன்னால், அதற்கு எவ்வளவு அழுத்தம் ஆகும் என்பதை நுரையீரல் முடிவு செய்யும். அழுத்தம் 15 செ.மீ. நீருக்கு மேல் (மூச்சு அழுத்தத்தை இந்த அலகில்தான் சொல்வோம்) ஏறக்கூடாது என்றால், எவ்வளவு காற்று உள்ளே போகும் என்பதை நுரையீரல் முடிவு செய்யும். ஒன்றைப் பிடித்தால் மற்றது நழுவும். ஆபத்து வருவது பெரும்பாலும் நழுவவிட்ட பக்கத்திலிருந்துதான். ஆகவே அலாரத்தைக் கவனமாக வைக்க வேண்டியதும், அடிக்கடி எட்டிப் பார்க்க வேண்டியதும் அந்தப் பக்கம்தான். எந்த மோடாக இருந்தாலும் இந்தக் கணக்குக்குள் கொண்டுவந்துவிடலாம் என்பது என் கட்சி.

மெஷின்கள் பரவலாக வருவதற்கு முன் இந்தத் தொல்லை இருக்கவில்லை. 1952இல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது, பிளெக்டாம் மருத்துவமனையில் இருந்தது, கழுத்துக்குக் கீழே உடம்பை உள்ளே வைத்து மூச்சுவிட வைக்கும் இரும்பு நுரையீரல் என்ற பெட்டி ஒன்றே ஒன்றும் மார்பைச் சுற்றிக் கவசம்போல் மாட்டும் ஆறு கருவிகளும்தான். மூச்சுத் தசைகள் செயலிழந்து முதல் மூன்று வாரங்களில் வந்த 31 பேரில் 27 பேர் இறந்துபோனார்கள். பியோர்ன் இப்சன் என்ற மயக்கவியல் மருத்துவர், கழுத்தில் துளையிட்டுக் குழாய் செருகி, ரப்பர் பையைக் கையால் அழுத்திக் காற்றை உள்ளே தள்ளலாம் என்றார். அறுவை அரங்கில் அன்றாடம் செய்கிற காரியம்தான் அது. வார்டுக்கு அதைக் கொண்டுவந்ததுதான் புதுமை. சுமார் 1500 மருத்துவ, பல் மருத்துவ மாணவர்கள் முறை வைத்து இரவும் பகலும் பை அழுத்தினார்கள். இறப்பு மளமளவென்று இறங்கியது.

அந்த மாணவர்களுக்கு மோடு என்று ஒன்று தேவைப்படவில்லை. நுரையீரல் இறுகினால் உள்ளங்கைக்குத் தெரியும். மார்பு போதுமான அளவு எழும்புகிறதா என்பது கண்ணுக்குத் தெரியும். நோயாளி தானே மூச்சிழுக்க முயன்றால் அந்த இழுப்போடு சேர்த்துப் பையை அழுத்தலாம். கை தன்னையறியாமல் செய்துகொண்டிருந்த இந்தச் சமாதானங்களை மெஷினிடம் எண்களாகச் சொல்ல வேண்டி வந்தபோதுதான் மோடுகள் வந்தன.

சரி, வால்யூம் கண்ட்ரோலில் இருந்து தொடங்கலாம். இதில் பூட்டுவது காற்றின் அளவை. நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, ஒவ்வொன்றிலும் எத்தனை மில்லி என்று சொல்லிவிட்டால் மெஷின் அதைச் செய்துவிட்டுத்தான் மறுவேலை பார்க்கும். தலையில் அடிபட்டு வந்தவருக்கு ரத்தத்தில் கார்பன் டை ஆக்ஸைடு ஏறினால் மூளை ரத்தக்குழாய்கள் விரிந்து மண்டைக்குள் அழுத்தம் கூடும். மிகவும் இறங்கினால் மூளைக்கு ரத்தம் குறையும். அப்படிப்பட்டவருக்கு நிமிடக் காற்றளவு, அதாவது ஒரு நிமிடத்தில் மொத்தமாகப் போகும் காற்று, அங்கே இங்கே அசையக்கூடாது. அவருக்கு நான் யோசிக்காமல் வால்யூம் கண்ட்ரோல்தான் போடுவேன். நரம்பு நோயால் மூச்சுத் தசை ஓய்ந்து, நுரையீரல் நன்றாக இருப்பவர்களுக்கும் அதுவே பொருந்தும்.

இங்கே விட்டது அழுத்தம். அதனால் அது அடிக்கடி கத்தும். கத்துவதைப் படிக்கத் தெரிந்தால் அதுவே பெரிய துணை. இரவில் இப்படி ஒரு போன் வரும்:

"டாக்டர், ஏழாம் பெட் பீக் பிரஷர் 45 காட்டுது. அலாரம் நிக்கவே மாட்டேங்குது."

"ஹோல்டு போட்டுப் பார்த்தீங்களா சிஸ்டர்? பிளாட்டோ எவ்வளவு?"

"22 டாக்டர்."

இந்த இரண்டு எண்களுக்குள் பாதி நோயறிதல் முடிந்துவிடுகிறது. பீக் என்பது காற்று உள்ளே பாயும்போது ஏறும் உச்ச அழுத்தம். மூச்சு உள்ளே போய் முடிந்த கணத்தில் அரை நொடி நிறுத்திப் பிடித்தால் காற்றோட்டம் நின்றுவிடும். அப்போது தெரிவது நுரையீரலுக்குள் இருக்கும் அழுத்தம். அதுதான் பிளாட்டோ. பீக்குக்கும் பிளாட்டோவுக்கும் இவ்வளவு இடைவெளி என்றால் தகராறு வழியில் இருக்கிறது: நோயாளி குழாயைக் கடிக்கிறார், சளி அடைத்திருக்கிறது, டியூப் மடிந்திருக்கிறது, மூச்சுக்குழல் சுருங்கியிருக்கிறது. நுரையீரலுக்கு ஒன்றுமில்லை. மாறாக பீக் 45, பிளாட்டோ 40 என்று இரண்டும் சேர்ந்தே ஏறியிருந்தால் விஷயம் வேறு. மார்புக்கூட்டுக்குள் காற்று கசிந்திருக்கலாம், குழாய் இறங்கி வலது நுரையீரலுக்குள் மட்டும் போயிருக்கலாம், நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். அப்போது போனில் பேசிக்கொண்டிருக்கக்கூடாது, ஓட வேண்டும்.

ஏழாம் பெட்காரருக்குப் பற்களுக்கிடையில் கட்டை வைத்து, சக்‌ஷன் போட்டதும் பீக் 28க்கு வந்துவிட்டது. மோடை மாற்றியிருந்தால் அலாரம்தான் நின்றிருக்கும், சளி அப்படியே இருந்திருக்கும்.

எத்தனை மில்லி பூட்டுவது என்பதில் ஒரு காலத்தில் தாராளம் இருந்தது. கிலோவுக்கு 10, 12 மில்லி என்று கொடுத்தார்கள். ரத்தப் பரிசோதனை அழகாக வரும், எல்லோருக்கும் திருப்தி. ஏஆர்டிஎஸ், அதாவது அழற்சியால் நீர் கோத்து நுரையீரல் இறுகும் கடும் நிலை, வந்த நுரையீரலில் காற்று போகும் பகுதி குழந்தையின் நுரையீரல் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது என்பது பிற்பாடு ஸ்கேனில் தெரிந்தது. முழு ஆளுக்கான காற்றை அந்தச் சிறு பகுதிக்குள் திணித்தால் அது கிழியத்தானே செய்யும்? 2000இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் 861 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் கிலோவுக்கு 12 மில்லியும் மறுபாதிக்கு 6 மில்லியும் கொடுத்தார்கள். குறைவாகக் கொடுத்த குழுவில் பிளாட்டோ 30ஐத் தாண்டாமலும் பார்த்துக்கொண்டார்கள். இறப்பு 39.8 சதவீதத்திலிருந்து 31 சதவீதமாகக் குறைந்தது. புது மருந்து இல்லை, புது மெஷின் இல்லை. பழைய மெஷினில் ஒரு எண்ணைக் குறைத்ததுதான்.

அந்த 'கிலோ' எது என்பதில் இன்றும் சறுக்குகிறார்கள். அது தராசு காட்டும் எடை கிடையாது, உயரத்தை வைத்துக் கணக்கிடும் எடை. ஆணுக்கு, செ.மீ. உயரத்திலிருந்து 152.4ஐக் கழித்து, 0.91ஆல் பெருக்கி, 50ஐக் கூட்ட வேண்டும். பெண்ணுக்கு 50க்குப் பதில் 45.5. ஆக 170 செ.மீ. ஆண் 66 கிலோ. அவருக்கு 6 மில்லி வீதம் சுமார் 400 மில்லி. அவர் தராசில் 100 கிலோ இருந்தாலும் இதே 400தான். ஆள் பருத்தால் நுரையீரல் கூடவே வளர்வதில்லை. குள்ளமான பெண்களுக்குத்தான் இதில் அநியாயம் அதிகம் நடக்கிறது. 150 செ.மீ. உயரப் பெண்ணுக்குக் கணக்குப்படி வருவது சுமார் 260 மில்லி. அந்த எண்ணைத் திரையில் பார்க்கவே பலருக்குக் கை நடுங்கும். 'ஒரு 400 இருக்கட்டுமே' என்று வைத்துவிடுவார்கள். படுக்கையருகில் ஒரு அளவு நாடா இருந்தால் தீர்கிற பிரச்சினை இது.

பிரஷர் கண்ட்ரோலில் எல்லாம் தலைகீழ். அழுத்தத்தையும் நேரத்தையும் பூட்டுகிறோம், அளவை விடுகிறோம். காற்று ஆரம்பத்தில் வேகமாகப் பாய்ந்து பிறகு தணிந்து போவதால், மூச்சுக்குத் தவிக்கிற நோயாளிக்கு இது கொஞ்சம் இதமாக இருக்கும். வால்யூம் கண்ட்ரோலில் காற்றின் வேகமும் பூட்டப்பட்டிருக்கும். நோயாளி இன்னும் வேண்டும் என்று இழுத்தாலும் மெஷின் தன் வேகத்தில்தான் கொடுக்கும். திரையில் அழுத்தக் கோடு நடுவில் குழி விழுந்து கிடந்தால், அவர் காற்றுக்கு ஏங்குகிறார் என்று அர்த்தம்.

ஆனால் அதே சளி அடைப்பு பிரஷர் கண்ட்ரோலில் வந்தால்? அழுத்தம் சொன்னபடியே இருக்கும், ஹை பிரஷர் அலாரம் வாய் திறக்காது. உள்ளே போகும் காற்று மட்டும் 400, 300, 180 என்று ஓசையில்லாமல் இறங்கிக்கொண்டிருக்கும். குறைந்தபட்ச நிமிடக் காற்றளவுக்கு அலாரம் ஒழுங்காக வைக்கவில்லை என்றால் நோயாளி நீலம் பாரித்த பிறகுதான் தெரியும். எதிர்த்திசையிலும் ஆபத்து உண்டு. குறைமாதக் குழந்தைக்கு நுரையீரல் விரிய சர்ஃபேக்டன்ட் மருந்து கொடுத்தால் சிறிது நேரத்திலேயே நுரையீரல் இளகும். அழுத்தத்தைக் குறைக்காமல் விட்டால், அதே அழுத்தத்தில் முன்பைவிட மிக அதிகமான காற்று உள்ளே பாயும். நல்ல செய்தியே காயமாக முடியும். வால்யூமா பிரஷரா, எது அதிக உயிரைக் காக்கிறது என்று கேட்டால், ஆய்வுகளில் தெளிவான வித்தியாசம் தென்பட்டதில்லை. எனவே பழகிய மோடை வைத்துக்கொண்டு விட்ட பக்கத்தைப் பாருங்கள் என்பேன்.

இரண்டையும் ஒட்டவைத்துத்தான் பிஆர்விசி போன்றவை வந்தன. மூச்சு பிரஷர் கண்ட்ரோல் மாதிரி போகும். நாம் சொன்ன அளவு கிடைத்ததா என்று மெஷின் பார்த்து, அடுத்த மூச்சுக்கு அழுத்தத்தைக் கூட்டும் அல்லது குறைக்கும். அமைதியாகத் தூங்குகிற நோயாளிக்கு அருமையான மோடு. காய்ச்சலில், வலியில், பயத்தில் ஒருவர் பலமாக இழுக்க ஆரம்பித்தால் கதை மாறும். அளவு தாராளமாக வருவதைப் பார்த்து, இவருக்கு உதவி தேவையில்லை என்று மெஷின் அழுத்தத்தைக் குறைக்கும். அவர் இன்னும் பாடுபடுவார். அது இன்னும் குறைக்கும். அளவு சரியாக 400 என்று திரை காட்டும். மனிதர் கழுத்துத் தசை புடைக்க உழைத்துக்கொண்டிருப்பார். இங்கே விட்டது நோயாளியின் உழைப்பை. அதை அந்த 400 காட்டாது, போர்வையை விலக்கிக் கழுத்தையும் வயிற்றையும் பார்த்தால்தான் தெரியும்.

உறவினர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "டாக்டர், அவரு சொந்தமா மூச்சு விடறாரா, இல்ல மெஷின்தான் விடுதா?" எங்கள் மோடு வகுப்புகளைவிடக் கூர்மையான கேள்வி இது. ஆம், இல்லை என்று பதில் சொல்ல முடியாது. அசிஸ்ட் கண்ட்ரோலில் நோயாளி லேசாக இழுத்தாலே போதும், மெஷின் முழு மூச்சையும் கொடுத்துவிடும்; இழுக்காவிட்டாலும் குறித்த நேரத்தில் கொடுத்துவிடும். தொடங்குவது அவராகவும் முடித்துக் கொடுப்பது மெஷினாகவும் இருக்கும். பிரஷர் சப்போர்ட்டில் ஒவ்வொரு மூச்சையும் அவரே தொடங்க வேண்டும், எவ்வளவு நேரம் என்பதும் அவர் இழுப்பைப் பொறுத்தது. மெஷின் ஒரு தள்ளு மட்டும் கொடுக்கும். சிபாப்பில் அந்தத் தள்ளும் கிடையாது. நுரையீரல் மூடிவிடாதபடி ஒரே அழுத்தம் தொடர்ந்து இருக்கும், உழைப்பு முழுக்க அவருடையது. "பாதிக்கு மேல அவரே விடறார்மா" என்று நான் சொல்லும்போது மனதில் ஓடுவது இந்தக் கணக்குதான்.

பிரஷர் சப்போர்ட்டில் நாம் விட்டது ஏறக்குறைய எல்லாவற்றையும்: வேகம், அளவு, நேரம். செடேஷன் (மயக்கத்தில் வைக்கும் மருந்து) கூடிப்போனால் மூச்சே நின்றுவிடும், எனவே மூச்சு நின்றால் மெஷினே பொறுப்பெடுத்துக்கொள்ளும் அப்னியா பேக்கப் போடாமல் இந்த மோடைத் தொடக்கூடாது. மூச்சை எப்போது முடிப்பது என்பதிலும் நுணுக்கம் இருக்கிறது. காற்றோட்டம் உச்ச வேகத்தின் 25 சதவீதத்துக்கு இறங்கியதும் மூச்சை முடிப்பது பெரும்பாலான மெஷின்களின் வழக்கம். சிஓபிடி என்ற நாள்பட்ட மூச்சடைப்பு நோய் உள்ளவரின் அடைபட்ட குழல்களில் காற்றோட்டம் மெதுவாகத்தான் தணியும். அவர் மூச்சை வெளியே விட ஆரம்பித்த பிறகும் மெஷின் உள்ளே தள்ளிக்கொண்டிருக்கும். அவர் வயிற்றை எக்கி மெஷினை எதிர்த்துத் தள்ளுவார். பார்ப்பவர்கள் 'பேஷன்ட் மெஷினோடு சண்டை போடுகிறார்' என்று செடேஷனைக் கூட்டுவார்கள். அந்த 25ஐ 40 சதவீதமாக்கினால் பல நேரம் சண்டை தானே ஓய்ந்துவிடும்.

எஸ்ஐஎம்வி என்ற கலப்பு மோடைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு விருப்பமில்லை. சில மூச்சு மெஷினுடையது, இடையில் வருவது நோயாளியுடையது. மெஷின் மூச்சுகளைப் படிப்படியாகக் குறைத்தால் நோயாளி தானே பழகிவிடுவார் என்று 1970களில் நம்பினார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. 1995இல் ஸ்பெயினில் நடந்த ஒப்பீட்டில் மெஷினிலிருந்து விடுபட அதிக நாள் ஆனது இந்த வழியில்தான். தினம் ஒருமுறை துணையில்லாமல் மூச்சுவிட வைத்துப் பார்த்த குழு அதைவிடச் சுமார் மூன்று மடங்கு விரைவாக விடுபட்டது. அப்புறமும் பல இடங்களில் பழக்கதோஷத்தால் அது ஓடிக்கொண்டிருக்கிறது.

மோடு எதுவானாலும் உதவாத இடம் கடும் ஆஸ்துமா. அங்கே காற்று உள்ளே போய்விடும், வெளியேதான் வராது. முந்தைய மூச்சு வெளியேறி முடிவதற்குள் அடுத்தது வந்தால் காற்று அடுக்கடுக்காக உள்ளே தேங்கும். நெஞ்சுக்கூடு ஊதி, இதயத்துக்கு ரத்தம் திரும்புவது தடைபட்டு, ரத்த அழுத்தம் சரியும். கார்பன் டை ஆக்ஸைடு 80 வரை ஏறியிருக்கிறதே என்று மூச்சு வேகத்தைக் கூட்டுவதுதான் இங்கே இயல்பாகத் தோன்றும் வைத்தியம். அது ஆளையே கொன்றுவிடும்.

கணக்கைப் பாருங்கள். நிமிடத்துக்கு 20 மூச்சு என்றால் ஒரு மூச்சுக்கு 3 நொடி. உள்ளே போக 1 நொடி எடுத்தால் வெளியே வர 2 நொடி. உள்மூச்சை 0.8 நொடியாகச் சுருக்கினால் கூடுதலாகக் கிடைப்பது வெறும் 0.2 நொடி. அதையே நிமிடத்துக்கு 10 மூச்சு என்று குறைத்தால் வெளியே வர 5 நொடி கிடைக்கிறது. ஆகவே ஆஸ்துமாவில் முதலில் திருக வேண்டியது வேகத்துக்கான குமிழை. திரையில் பார்க்க வேண்டியது காற்றோட்டக் கோடு: வெளிமூச்சில் கீழே இறங்கிய கோடு பூஜ்யத்தைத் தொட்ட பிறகுதான் அடுத்த மூச்சு தொடங்க வேண்டும். தொடாமலே மேலே எகிறினால் காற்று தேங்குகிறது. கார்பன் டை ஆக்ஸைடு கொஞ்சம் ஏறி இருக்கட்டும். தலைக்குள் அழுத்தம் போன்ற தடை இல்லாவிட்டால் உடம்பு தாங்கும். ரத்த அழுத்தம் திடீரென்று விழுந்தால் குழாயை மெஷினிலிருந்து கழற்றிவிடுவதுதான் முதல் சிகிச்சை. நீண்ட பெருமூச்சுபோல் காற்று வெளியேறிக்கொண்டே இருக்கும். அது முடியும்போது நாடி திரும்பக் கைக்குத் தட்டுப்படும். தட்டுப்படாவிட்டால் நுரையீரல் வெடித்து மார்புக்கூட்டில் காற்று கசிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இதற்கு நேர் எதிர் நிலை சர்க்கரை நோயால் ரத்தம் அமிலமாகி வேகவேகமாக மூச்சு வாங்குபவர். உடம்பு அந்த வேகத்தில்தான் அமிலத்தைச் சமாளித்துக்கொண்டிருக்கிறது. குழாய் போட்டு, தசையைத் தளர்த்தி, வழக்கம்போல் நிமிடத்துக்கு 14 மூச்சு என்று வைத்தால் அமிலம் கட்டுக்கடங்காமல் ஏறி இதயம் நிற்கலாம். அவருக்கு 28, 30 என்று வைக்க வேண்டியிருக்கும். இரண்டு பேரும் ஒரே மோடில் இருக்கலாம். காப்பது வேகத்துக்கான எண்.

குழாயே இல்லாமல் முகமூடி வழியாகக் கொடுக்கும் முறைக்குத் தனியிடம் உண்டு. சிஓபிடி முற்றி ரத்தத்தின் பிஎச் 7.35க்குக் கீழே போனவருக்கு, அதாவது ரத்தம் அமிலமானவருக்கு, உள்மூச்சுக்குக் கூடுதல் அழுத்தமும் வெளிமூச்சுக்குக் குறைந்த அழுத்தமும் தரும் பைபாப், இதயம் திணறி நுரையீரலில் நீர் கோத்தவருக்கு சிபாப் அல்லது பைபாப் என்பவை சந்தேகமில்லாமல் பலன் தருபவை. இங்கே விட்டது காற்றுப்பாதையை. நோயாளி விழித்திருக்க வேண்டும், இருமிச் சளியைத் துப்பத் தெரிய வேண்டும், வாந்தி எடுக்கக்கூடாது. ஒன்றிரண்டு மணி நேரத்தில் மூச்சு வேகமும் பிஎச்சும் தேறாவிட்டால், பிடிவாதம் பிடிக்காமல் குழாய் போட்டுவிடுவது நல்லது.

உயர் அழுத்தத்தை நீண்ட நேரம் வைத்துச் சட்டென்று இறக்கிவிடும் ஏபிஆர்வி, அதிவேக அதிர்வு மோடு என்று கவர்ச்சியானவை இன்னும் சில இருக்கின்றன. நிமிடத்துக்குச் சில நூறு முறை அதிரும் அந்த இரண்டாவது வகையைப் பெரியவர்களின் ஏஆர்டிஎஸ்ஸில் சோதித்த பெரிய ஆய்வு ஒன்றில் இறப்பு கூடியதால் பாதியிலேயே நிறுத்தினார்கள். முடிவு 2013இல் வெளியானது. பச்சிளம் குழந்தைகளிடம் இன்றும் அதற்கு வேலை இருக்கிறது. அதே 2013இல் பிரெஞ்சு மருத்துவர்கள் நடத்திய ஆய்வில், கடும் ஏஆர்டிஎஸ் நோயாளிகளை ஒரு நாளில் குறைந்தது 16 மணி நேரம் குப்புறப் படுக்கவைத்ததில் 28 நாள் இறப்பு 32.8 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாக இறங்கியது. அதற்குத் தேவைப்பட்டது நாலைந்து பேரும் சில தலையணைகளும், டியூப் உருவிவிடாமல் தலைமாட்டில் பிடித்துக்கொள்ளப் பொறுமைசாலி ஒருவரும். புது மோடு வாங்கப் பணம் ஒதுக்கும் கூட்டங்களில் இதை நான் விடாமல் சொல்லிக்கொண்டிருப்பதால் என்னை இப்போதெல்லாம் கூப்பிடுவது குறைந்திருக்கிறது.

மெஷினை எடுக்கும் கட்டத்திலும் மோடுக்கு வேலை குறைவு. காலையில் செடேஷனை நிறுத்தி, ஆக்ஸிஜன் தேவை இறங்கியிருக்கிறதா என்று பார்த்து, லேசான பிரஷர் சப்போர்ட்டிலோ மெஷின் துணையில்லாத டி வடிவக் குழாயிலோ அரை மணி நேரம் விட்டுப் பார்ப்போம். மூச்சு வேகத்தை, டைடல் வால்யூமால், அதாவது ஒரு மூச்சில் போகும் காற்றின் லிட்டர் அளவால், வகுத்து வரும் எண் 105க்குள் இருந்தால் தேறுவார் என்று எடுத்துக்கொள்ளலாம். நிமிடத்துக்கு 20 மூச்சு, ஒவ்வொன்றும் 0.4 லிட்டர் என்றால் 50, தாராளம். 36 மூச்சு, 0.25 லிட்டர் என்றால் 144, இன்று வேண்டாம். ஆனால் இந்தச் சோதனை சொல்வது அவருக்கு மெஷின் வேண்டாம் என்பதை மட்டும்தான். குழாய் வேண்டாம் என்பதை இருமலின் வலுவும், சளியின் அளவும், கூப்பிட்டால் கண் திறந்து பார்ப்பதும்தான் சொல்லும். வயதானவர்கள், இதய நோயாளிகள், சிஓபிடிகாரர்கள் ஆகியோருக்குக் குழாயை எடுத்த கையோடு முகமூடி வைத்துவிடுவோம், மூச்சு வாங்கும் வரை காத்திருப்பதில்லை. இவ்வளவு பார்த்தும் சிலருக்குத் திரும்பக் குழாய் போட வேண்டி வரும். யாருக்குமே திரும்பப் போட நேர்ந்ததில்லை என்று ஒரு ஐசியூ பெருமைப்பட்டுக்கொண்டால், அங்கே பலருக்கு எடுக்க வேண்டிய நாளில் குழாயை எடுக்கவில்லை என்றுதான் நான் நினைப்பேன்.